இடது குழலில் குளவி

என் மாமனாரின் துப்பாக்கிக்குப் பன்னிரண்டு வருஷம் பொட்டு வைத்தவர் என் மாமியார். ஆயுத பூஜை அன்று அரிவாள்மனை, சுத்தியல், என் வீட்டுக்காரரின் சைக்கிள், தையல் மிஷின் என்று வரிசையாகச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வருவார். கடைசியில் துப்பாக்கி. முதலில் தேங்காய் எண்ணெய் பூசி ஒரு பளபளப்பு. பிறகு குழல் இரண்டிலும் மூன்று மூன்று பொட்டு. பூஜை முடிந்ததும் பொட்டோடும் எண்ணெயோடும் தோல் உறைக்குள் செருகிப் பரணில் ஏற்றிவிடுவோம். பூஜையில் வைத்த பொட்டை யாராவது துடைப்பார்களா? அடுத்த வருஷம் அதே இடத்தில் புதுப் பொட்டு.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். "எடுத்த எடுப்புல துப்பாக்கினா படிக்கிறவங்க பயந்துக்குவாங்க ஆயா" என்கிறாள். பயப்பட ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் இருந்த காலம் முழுக்க அது ஒரு காக்காயைக்கூடச் சுட்டதில்லை.

மாமனாரை நான் மாமா என்பேன், மாமியாரை அத்தை. மாமா பிரெஞ்சுக்காரன் காலத்தில் சிப்பாயாக இருந்தவர். அப்புறம் ஒரு மில்லில் கேட் காவல். இந்த இரட்டைக்குழல் துப்பாக்கியை லைசன்ஸ் எடுத்து அப்போதுதான் வாங்கினார். மில்லில் ஆள் குறைத்தபோது அவரையும் அனுப்பிவிட்டார்கள், துப்பாக்கியும் பின்னாலேயே வீட்டுக்கு வந்தது. அதைத் துப்பாக்கி என்று அவர் சொல்லவே மாட்டார். ஃபுஸி என்பார். பிரெஞ்சில் அதற்கு அப்படித்தான் பெயராம். லைசன்ஸை மட்டும் தவறாமல் புதுப்பிப்பார். எலெக்‌ஷன் வந்தால் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். இவரும் உறையோடு கொடுத்து, ஓட்டு எண்ணி முடிந்ததும் உறையோடு வாங்கி வருவார். அங்கேயும் ஒருவரும் பிரித்துப் பார்த்தது கிடையாது.

வீட்டில் சும்மா இருக்கிற சிப்பாய் என்ன செய்வார்? ரேஷன் கடை வரிசையில் நிற்பார். மாவு அரைக்கப் போவார். அத்தை பையைக் கையில் கொடுக்கும்போது முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார். நடை மட்டும் மாறவில்லை. கேழ்வரகு மாவுத் தூக்கைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கையை வீசி, முத்தியால்பேட்டைச் சந்துக்குள் அணிவகுப்பு நடை நடந்து வருவார். எதிர்வீட்டு அக்கா என்னைக் கூப்பிட்டு, "ஓடியா, உங்க வூட்டுக் கேப்பைப் பட்டாளம் வருது" என்பாள். எனக்குச் சிரிப்பும் வரும், அவரைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும்.

அப்படி இருந்தவருக்கு ஒரு வேலை வந்தது. கடைத்தெருவில் புதிதாக ஒரு நகைக்கடை திறக்கப் போகிறார்கள், வாசலில் நிற்கச் சொந்தத் துப்பாக்கியோடு ஆள் வேண்டும் என்று யாரோ சொல்லி, மாமா போய்ப் பார்த்தார். முதலாளி சின்ன வயசுக்காரர். அடுத்த வெள்ளிக்கிழமை திறப்பு விழா, அன்றைக்குக் காலையிலிருந்து வேலை என்றார். ஒரே ஒரு கண்டிஷன். துப்பாக்கி சுடும் என்று ரிப்பேர்க்காரரிடம் சீட்டு வாங்கி வர வேண்டும். சொத்தைத் துப்பாக்கி என்றால் பாகூரில் ஒரு ஆள் தயாராக இருக்கிறான், அவனை வைத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார்.

மாமா வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நேராக ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறினார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். உறை கீழே வந்தது. அதன் ஒரு மூலையை எலி கடித்திருந்தது, அந்த ஓட்டை வழியாகக் குழலின் வாய் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மாமா வெளியே உருவி, வலது குழலில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகு இடதில் வைத்தார். ஊதிப் பார்த்தார். விரலை விட்டார். விரல் நுனியில் காய்ந்த செம்மண்.

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. இரண்டு வாரமாகவே இடுப்பு ஒல்லியான குளவி ஒன்று ஜன்னலுக்கு மேலே இருந்த சந்து வழியாக மண் உருண்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது. பரணில் எங்கேயோ கட்டுகிறது என்று நினைத்தேன். அது போய்த் துப்பாக்கிக்குள் கட்டியிருக்கிறது.

மாமா கம்பி தேடினார். அதற்குள் அத்தை அடுப்படியிலிருந்து வந்துவிட்டார்.

"கைய எடுங்க."

"கூடு கட்டி வச்சிருக்குது. கம்பிய வுட்டு ஒரு குத்து குத்தினா வந்துடும்."

"குத்துவீங்க. அஞ்சு வருஷமா நா ஏறி எறங்காத கோயில் இல்ல. இப்பத்தான் ஒரு பூச்சிக்கு நம்ம வூட்டு அட்ரஸ் தெரிஞ்சிருக்குது. அத போயி குத்துவீங்க."

குளவி கூடு கட்டின வீட்டில் குழந்தை பிறக்கும், கூட்டைக் கலைக்கக் கூடாது. இது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு அப்போது கல்யாணமாகி ஐந்து வருஷம், வயிறு திறக்கவில்லை. அத்தை என்னை ஒரு சொல் கேட்டது கிடையாது. சாமியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார், அதுவும் எனக்குக் காதில் விழுகிற மாதிரி.

"பொம்பள புத்தியால எனக்கு வேலை போவப் போவுது" என்றார் மாமா.

"ஒங்க வேல ஒங்களுக்கு. எனக்குப் பேரப்புள்ள."

"ஃபுஸிக்குள்ளயாடி பேரப்புள்ள?"

"கட்ற எடத்துல கட்டும். அதுங்கிட்டப் போயி, பீரோவுல கட்டு, மாடத்துல கட்டுனு நா சொல்ல முடியுமா?"

அதோடு பேச்சு நின்றது. இரண்டு நாள் எல்லாம் என் வழியாகத்தான் போய் வந்தது. "ஒங்க மாமாகிட்ட சொல்லு, கொழம்பு ஆறுது" என்பார் அத்தை. ஒரு அடி தள்ளி உட்கார்ந்திருக்கிற மாமா, "ஒங்க அத்தைகிட்ட சொல்லு, அங்க என் வேலையே ஆறுது" என்பார். என் வீட்டுக்காரருக்கு அப்போது மில்லில் ராத்திரி ஷிஃப்ட், பகல் முழுக்கத் தூக்கம். எழுப்பி நியாயம் கேட்டேன். "ரெண்டு பேரு சொல்றதும் சரிதான்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த மனுஷன் கடைசி வரைக்கும் அப்படித்தான், எந்தச் சண்டையிலும் இரண்டு பக்கமும் ஜெயித்துவிடும் அவரைப் பொறுத்தவரை.

மூன்றாம் நாள் தோட்டத்துப் பக்கம் நான் சங்கரா மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தேன். மாமா வந்து எதிரில் குந்தி உட்கார்ந்தார். அவர் குந்தி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"நீயே சொல்லும்மா. ஒன்னோட சமாச்சாரம் இது. எடுனா எடுக்கிறேன். வேணாம்னா அந்த பாகூரான் நிக்கட்டும்."

நான் என்ன சொல்வேன்? அன்றைக்குக் காலையில்தான் யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்தக் குழலில் காதை வைத்துக் கேட்டிருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. ஆனாலும் வைத்த காதை எடுக்க மனசு வரவில்லை. சிரிக்காதீர்கள், ஐந்து வருஷம் ஆனால் நீங்களும் வைப்பீர்கள். அதே நேரம், குந்தி உட்கார்ந்திருக்கிற அந்த மனுஷனைத் திரும்ப மாவு மில்லுக்கு அனுப்பவும் எனக்கு மனசு இல்லை.

"குழல் ரெண்டு இருக்குதே மாமா" என்றேன். "வலது ஒன்னு சுட்டா பத்தாதா? திருடன் இன்னா ஜோடி போட்டுக்கிட்டா வரப்போறான்?"

மாமா மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். மீசை மெதுவாக விரிந்தது. "ஒத்தக் குழல் ஃபுஸியும் ஃபுஸிதான்" என்று எழுந்து போனார்.

அத்தைக்கும் சம்மதம். ஆனால் மாமாவைத் தனியாக அனுப்பச் சம்மதம் இல்லை. "நீயும் கூடப் போ. அந்தாளு கண்ண மூடிக்கிட்டு எடதுல கம்பிய வுட்டுடுவாரு" என்று என்னையும் ரிக்‌ஷாவில் ஏற்றினார். ஏற்றிவிட்டு, "செங்குத்தா புடி. தலகீழா புடிச்சா புள்ளைக்குக் கால் மொதல்ல வரும்" என்றார். ரிக்‌ஷாக்காரர் திரும்பி என் கையில் இருந்த உறையைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் மிதித்தார்.

துப்பாக்கி ரிப்பேர்க்காரரை எல்லாரும் பாய் என்போம். லைசன்ஸ் வைத்திருந்தவர். துப்பாக்கி எப்போதோ ஒன்றுதான் வரும் என்பதால் பூட்டும் தையல் மிஷினும் பார்ப்பார். உறையிலிருந்து உருவி மேஜைமேல் வைத்ததும் அவர் குழலைத் தொடவில்லை, குனிந்து பார்த்தார்.

"இன்னாண்ணே இது, பொட்டு மாதிரி?"

"பொட்டுதான். ஆயுத பூஜைக்கு."

பாய் துணியால் துடைத்தார். சந்தனம் உதிர்ந்தது. பொட்டு போகவில்லை. பொட்டு இருந்த இடமெல்லாம் அதே அளவுக்கு வட்ட வட்டமாகத் துரு இரும்பைத் தின்றிருந்தது. ஆறு பொட்டு, ஆறு பள்ளம்.

"ஈரச் சந்தனம் வச்சு அப்பிடியே மூடினா துரு புடிக்காம இன்னா பண்ணும்?"

"எண்ணெ போட்டுத்தான் வச்சோம்" என்றேன் நான். வீட்டு மானம் போகிறதே.

"இன்னா எண்ணெ?"

"தேங்கா எண்ணெ. நல்லதாத்தான்."

பாய் குழலை மடக்கித் திறக்கிற நெம்புகோலைத் தள்ளினார். அசையவில்லை. எண்ணெய் பன்னிரண்டு வருஷத்தில் காய்ந்து வெல்லப்பாகு மாதிரி இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, தட்டித் தட்டித் திறந்தார். அப்புறம் குதிரையைப் பார்த்தார். சுடும்போது போய் அடிக்குமே, அதுதான் குதிரை.

"அண்ணே, குதிரைய ஏத்தியே வச்சிருக்கீங்க."

"அவசரத்துக்கு இருக்கட்டும்னு வச்சேன்."

"பன்னெண்டு வருஷமாவா அவசரம்? ஸ்பிரிங்கு நின்னு நின்னு செத்துப் போச்சு. மாத்தணும்." மூடினார். "பத்திரமா வைக்கிறேன்னு தோல் உறையில வேற போட்டிருக்கீங்க. தோல் ஈரத்தக் குடிச்சு வச்சுக்கும். பக்கத்துல கடலு, உப்புக் காத்து. ஃபுஸிய நீங்க பத்திரமா வைக்கல, கருவாடு போட்டிருக்கீங்க."

மாமா பையிலிருந்து பழைய தோட்டாக்களை எடுத்து வைத்தார், இதாவது நன்றாக இருக்கும் என்று. அட்டையில் செய்த தோட்டா. மழைக்காலம் பன்னிரண்டு பார்த்து உப்பிப் போய் ஒன்றுகூடக் குழலுக்குள் நுழையவில்லை. பாய் அதைத் தனியாக வாங்கி வைத்துக்கொண்டார், வீட்டில் வைக்கவே கூடாது என்று.

கடைசியில் இடது குழல் விஷயத்தைச் சொன்னோம். பாய் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு தாடியைத் தடவினார். "ஒரு கண்ணுக்கு மை வச்சுட்டு ஒரு கண்ண அப்பிடியே வுடச் சொல்றீங்க. சரி. எங்க வூட்லயும் கட்டினா கலைக்க மாட்டாங்க. ஆனா ஒன்னு சொல்றேன், அந்தப் பக்கம் தோட்டா போட்டுச் சுட்டீங்கன்னா குழல் வாழப்பூ மாதிரி விரிஞ்சுடும். மூஞ்சி மிஞ்சாது."

மூன்று நாள் கழித்துப் போனோம். பாய் கொல்லையில் மணல் மூட்டை அடுக்கி, புதுத் தோட்டா போட்டு, வலது குழலில் சுட்டுக் காட்டினார். நான் காதைப் பொத்துவதற்குப் பதில் இடது குழலைப் பொத்த ஓடினேன், பாய் தடுத்துவிட்டார். மாமா சீட்டில் 'வலது' என்று தனியாக எழுதித் தரச் சொன்னார். பொய்ச் சீட்டு கொண்டு போகமாட்டாராம். எழுதித் தந்தார். முதலாளி அதை வாங்கி, மடித்தபடியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், பிரிக்கவில்லை. அது மாமா மேல் தப்பில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. மாமா காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டு, கஞ்சி மேலே இன்னொரு தடவை கஞ்சி போட்டு, பலகை மாதிரி உடுத்திக்கொண்டு விடிந்ததும் போய்விட்டார். நானும் அத்தையும் பின்னால் போனோம். புதுக்கடை, பூ அலங்காரம், நாகஸ்வரம், பட்டுப்புடவைக் கூட்டம். வாசலில் மாமா. கார்தவூ என்றால் பிரெஞ்சில் அசையாமல் நில் என்று அர்த்தமாம், வீட்டில் பலமுறை செய்து காட்டியிருக்கிறார். அதே மாதிரி, தோளோடு துப்பாக்கி, பார்வை நேராக. பன்னிரண்டு வருஷம் கழித்து ஆள் இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்ட மாதிரி இருந்தது. அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மீசைய ஒழுங்கா வெட்டியிருக்கலாம்" என்றார்.

முதலாளியின் அம்மா விளக்கேற்றினார். வாசலில் கட்டியிருந்த பெரிய பல்புகளின் சூடோ, நாகஸ்வரத்தின் அதிர்வோ, நேரம்தான் வந்துவிட்டதோ தெரியவில்லை. இடது குழலின் விளிம்பில் ஒரு குளவி வந்து நின்றது. முன்னங்காலால் முகத்தைக் கழுவிக்கொண்டது. நான் அத்தையின் கையைக் கிள்ளினேன். அத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டார், வாய் எதையோ முணுமுணுத்தது. இரண்டாவது வந்தது. அது மாமாவின் தொப்பிமேல் ஏறி உலாத்தியது. மாமா கண்ணிமைக்கவில்லை. மூன்றாவது வந்தபோது ஒரு அம்மா, "குளவி, குளவி" என்று கத்தி, தாம்பாளத்துச் சர்க்கரையை எல்லார் மேலும் கொட்டினார். கூட்டம் பின்வாங்கியது.

முதலாளி ஓடி வந்தார். "பெரியவரே, இன்னா துப்பாக்கிலேருந்து பூச்சி வருது?"

உதடு அசையாமல் மாமா சொன்னார். "அது எடது குழல் சார். வலது சுத்தமா இருக்குது. சீட்டுல எழுதியிருக்குது."

முதலாளி சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்துப் படித்தார். முகம் சிவந்துவிட்டது. "குண்டு வர்ற எடத்துல குளவி வளக்குற ஆளு எனக்கு வேணாம். எறக்கி வச்சுட்டுப் போங்க. டேய், அந்த பாகூர் ஆளுக்குச் சொல்லியனுப்பு."

மாமா போகவில்லை. நின்ற நிலையும் மாறவில்லை. காதோரம் வியர்வை மட்டும் வழிந்தது.

அந்த நேரம் பார்த்து நாலாவது குளவி வந்து, வாசலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, முதலாளியின் மனைவி தோளில் போய் உட்கார்ந்தது. கடைப்பையன் ஒருவன் தட்டை ஓங்கினான்.

"அடிக்காத. கைய எறக்கு" என்றார் முதலாளியின் அம்மா. கூட்டம் அடங்கியது. அந்த அம்மா மருமகளின் தோளையே பார்த்துக்கொண்டு வந்தார். அந்தப் பெண் மூச்சுவிடாமல் நின்றாள். அவள் நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இவளும் என்னை மாதிரித்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"இந்தக் கூடு எங்க கட்டினது?" என்று அந்த அம்மா கேட்டார்.

மாமா அசையவில்லை, ஆனால் கருவிழி மட்டும் திரும்பி அத்தையிடம் வந்து நின்றது. எங்க வூட்ல, எங்க பரண்ல என்று அத்தை இப்போது சத்தம் போடப் போகிறார் என்று நான் பயந்தே போனேன். வாயையும் திறந்தார். மாமாவின் காதோர வியர்வையைப் பார்த்தார். திறந்த வாயை மூடினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார்.

"கட்றது எங்கயோ கட்டும்மா. பொரிச்சு வெளிய வந்தது ஒங்க கடை வாசல்ல. போயி ஒக்காந்தது ஒங்க மருமவ தோள்ல. அப்ப அது ஒங்களுதுதான்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா குளவி பொறந்த எடத்துலேருந்து யாரையும் வெரட்டக் கூடாதுனு சொல்வாங்க. அப்புறம் ஒங்க இஷ்டம்."

அப்படி யாரும் சொன்னதே கிடையாது. அந்த நிமிஷம் அத்தை உண்டாக்கியது.

"யாரு வெரட்டறது? இவரு எங்கயும் போவல" என்றார் முதலாளியின் அம்மா. மகனைத் திரும்பிப் பார்த்து, "அந்தச் சீட்ட மடிச்சு உள்ள வை. பெரியவருக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லு."

"சிப்பாய் ஒக்கார மாட்டான்மா" என்றார் மாமா. அன்றைக்கு மட்டுமில்லை, எண்பதுகளில் முட்டி வலி வந்து அவராக வேலையை விடுகிற வரைக்கும் அந்த வாசலில் உட்காரவே இல்லை.

பிற்பாடு பாய் இடது குழலைச் சுத்தம் செய்தபோது மண் ஒட்டியிருந்த இடத்தில் மோதிரம் மாதிரி துரு வளையம் விழுந்திருந்தது. அதில் தோட்டாவே போடாதீர்கள் என்று சீட்டிலும் எழுதிவிட்டார். இந்தத் தடவை முதலாளி சீட்டை நின்றபடியே இரண்டு முறை படித்தார். கடையில் யாரும் கவலைப்படவில்லை. அவர்களுக்கு அந்தக் குழல் வாசலில் இருந்தால் போதும்.

திறப்பு விழா அன்றைக்குச் சர்க்கரையும் பூவும் வாங்கிக்கொண்டு நானும் அத்தையும் நடந்தே திரும்பினோம். அத்தை பாதி வழி வரைக்கும் கையில் இருந்த பூவையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் யாருக்காக எதைக் கொடுத்துவிட்டு வருகிறார் என்று எனக்குத் தெரியாதா? ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று கையைப் பிடித்தேன்.

"இன்னாத்துக்குடி மூஞ்சிய தூக்கி வச்சிருக்கிற?" என்றார் அத்தை. "வந்தது நாலு. அவுங்க மருமவ தோள்ல ஒக்காந்தது ஒன்னு. அதத்தான் குடுத்தேன். மீதி மூணும் நம்மளுது."

"மூணா அத்த?"

"ஏன், பத்தாதா?" என்று கேட்டுவிட்டு வேகமாக நடந்தார்.